காரைக்காலுக்குக் கொண்டுபோன கயிறு

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பத்திரண்டு. காரைக்கால் பேருந்து நிலையத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு காலி டிக்கியை. பேருந்தின் பக்கவாட்டுக் கதவு தூக்கியிருந்தது. உள்ளே ரப்பர் விரிப்பின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. என் நீலப் பை இல்லை.

நடத்துநர் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். "திருநள்ளாறுல ஒரு பெரிய கூட்டம் எறங்குச்சு சார். ஏகப்பட்ட பை. அதோட உங்களதையும் சேத்து எறக்கியிருப்பாங்க. இன்னைக்கி சனிக்கெழம பாருங்க" என்றார். தப்பு அந்தக் கிழமையினுடையது என்பதுபோல் இருந்தது அவர் குரல்.

அந்தப் பைக்காகத்தான் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தேன். உள்ளே பாறையேற்றத்துக்கான சாமான்கள்: ஒரு ஜோடி காலணி, இடுப்பில் மாட்டும் ஹார்னெஸ் பட்டை, அறுபது மீட்டர் கயிறு, நான்கு அலுமினியக் கொக்கிகள், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் சிறு கருவி. எல்லாம் ஸ்டெல்லாவுக்கு. அவள் என் பெரியம்மா மகள் மேரி அக்காவின் மகள். வயது இருபத்தொன்பது, காரைக்காலில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அடுத்த மாதம் கர்நாடகத்தில் பாறையேற்றப் பயிற்சியாளர் வகுப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சொந்தச் சாமான்களோடு வர வேண்டும் என்பது அவர்களின் விதி.

பை தொலைந்தது என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. இருபத்தாறு வருடம் செய்தித்தாளில் பிறர் எழுதியதைத் திருத்தியவன் நான். அந்த நிம்மதியை அப்போதே அடிக்கோடிட்டிருக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காலணி புதியது. ஸ்டெல்லாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பச் சொல்லி, மூன்று கடை ஏறி, விரல் முன்னால் முட்டி லேசாக மடங்கும் அளவு பார்த்து வாங்கினேன். பாறைக் காலணியில் இடம் மிச்சம் இருக்கக் கூடாது. ஆனால் கயிறும் ஹார்னெஸும் என்னுடையவை. பதின்மூன்று வருடப் பழசு. தாய்லாந்தில் ஒருமுறை அந்தக் கயிற்றின் மேல் கல் விழுந்தது. இரண்டு வருடம் முன்பு என்னோடு ஏறும் நண்பர் அதைத் தடவிப் பார்த்து, இனி இதில் ஏறாதே என்றார். நானும் ஏறவில்லை. அது எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாமான் அறையில், பிளீச் புட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அந்த அறையில் ஓர் அட்டைப்பெட்டி எப்போதும் இருக்கும். பழைய போர்வை, திரையில் கீறல் விழுந்த கைப்பேசி, பாதி தீர்ந்த வாசனைத் தைலம் எல்லாம் அதில் சேரும். பெட்டிக்குப் பெயர் 'ஊருக்கு'. எங்கள் புளோக்கில் தமிழர் வீடு எதில் கேட்டாலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். ஸ்டெல்லா கயிறு கேட்டபோது என் மனைவிதான் சொன்னாள்: "அதான் ஒண்ணு சும்மா கெடக்கே." அவளுக்குக் கயிற்றைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். புறப்படுவதற்கு முந்தைய நாள், தயாரித்த வருடம் அச்சிட்ட துணிச்சீட்டைக் கயிற்று முனையிலிருந்தும் ஹார்னெஸிலிருந்தும் கத்தரிக்கோலால் வெட்டினேன்.

ஆறே காலுக்கு ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வந்தாள். "வாங்க மாமா. பை போச்சா? ஏறுங்க, திருநள்ளாறு பக்கந்தான்" என்றாள். போனால் போகட்டும் என்றேன். "ஐய, அவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தது. விடுவனா?"

திருநள்ளாறில் நளன் குளத்துக்கு நேரே போனோம். அந்த நேரத்துக்கே படிகளில் இடமில்லை. சனி தோஷம் தீரத் தலையில் நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுப் போவது பக்தர்களின் வழக்கம். ஈர வேட்டியும் சட்டையும் சுடிதாரும் ஓர் ஓரமாக இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. கையுறை போட்ட துப்புரவுப் பெண் ஒருவர் அவற்றைத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டிருந்தார். வண்டியில் துணிகளுக்கு மேல் என் நீலப் பை உட்கார்ந்திருந்தது.

"அக்கா, அது எங்க மாமா பை" என்றாள் ஸ்டெல்லா.

"அப்புடியா? படியில கெடந்துச்சும்மா. விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன்."

"விட்டுட்டுப் போறவங்க பூட்டுப் போட்டா விடுவாங்க?"

"யாரு கண்டா? போன வாரம் ஒருத்தரு ஷூவுக்குப் பாலீஷ் போட்டு விட்டுட்டுப் போயிருக்காரு. அடுத்தவங்க தொட்டா அவங்களைப் புடிச்சிக்குமாம், அதனால யாரும் தொடமாட்டாங்க. தெனம் தொடுறது நாங்கதான். எங்ககிட்ட மாட்டிக்கிட்டு அந்தச் சனிதான் முழிக்கிது."

பையை இறக்கித் தந்தவர் அதன் கனத்தைப் பார்த்து என்னிடம் கேட்டார்: "உள்ள என்னங்க?"

"கயிறு."

"நல்ல கயிறா?"

"நல்ல கயிறுதான்" என்றேன்.

கோயில் தெருவில் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். சிங்கப்பூரில் எங்கள் பகுதிக் கடையில் பொங்கலை அச்சில் அமுக்கிக் கவிழ்ப்பார்கள், சுண்டினால் உருளும். இங்கே இலையில் ஓடுவதைக் கையால் அணை கட்டித்தான் சாப்பிட வேண்டியிருந்தது. பையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா ஒரு கையால் சாப்பிட்டபடி மறு கையால் அதன் பிடியைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் மேரி அக்கா கொடுவா மீன் குழம்பு வைத்திருந்தார். பக்கத்து வீடு பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பிள்ளைகள் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்கள். வாசலில் நான்கு பெரிய பெட்டிகள். "அவங்க பெட்டியத் தொறந்தா தெருவே சோப்பு வாசம் அடிக்கும்" என்றாள் ஸ்டெல்லா. "உங்க பெட்டியத் தொறந்தா மூட்டுவலித் தைலம்."

"வாயப் பாரு. தம்பி, நீ சாப்புடு" என்றார் அக்கா.

காலணியை முதலில் எடுத்தாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் மாட்டி, வலிக்கிறது என்று சிரித்து, கழற்றாமலே வீட்டுக்குள் நடந்தாள். பிறகு ஹார்னெஸைக் கட்டிப் பார்த்தாள். பட்டையின் உட்புறம், சீட்டு வெட்டிய இடத்தில், அவள் விரல் ஒரு கணம் நின்றது.

அவள் கேட்டது வேறு. "மாமா, நீங்க என்ன கிரேடு ஏறுவீங்க?"

பாறைகளின் கடினத்துக்கு உலகத்தில் ஒரே அளவு கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் நான்கு, ஐந்து, ஆறு என்று எண் வைத்து ஒவ்வொன்றையும் ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு ரோமன் எண். அமெரிக்கர்களிடம் ஐந்து புள்ளி ஒன்பதுக்கு அடுத்தது ஐந்து புள்ளி பத்து. எந்தக் கணக்கு வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பிரெஞ்சு ஆறு ஏ ஏறுபவர் அமெரிக்காவில் ஐந்து புள்ளி பத்து ஏறுவார் என்பது தோராயம். அதிலும் கயிறில்லாமல் ஏறும் குட்டைப் பாறைகளுக்குத் தனி அளவு. அதில் ஐந்து என்றால் கயிற்றுப் பாறையில் கிட்டத்தட்ட ஆறு. பயிற்சி வகுப்பில் சேர வேண்டிய தகுதி, கயிற்றுப் பாறையில் ஆறு ஏ. இதையெல்லாம் வரிசையாக விளக்கினேன். எண்களை விளக்கும்போது என் குரல் நன்றாக இருக்கும்.

"சரி மாமா, உங்க கிரேடு?"

"ஆறு சி" என்றேன்.

உண்மையில் ஆறு ஏ. அதுவும் குளிரூட்டிய கூடத்தில், மிட்டாய் நிறத்தில் பிளாஸ்டிக் பிடிகள் திருகிய சுவரில். வேறொருவர் செய்தியில் இப்படி ஓர் எண் வந்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

காரைக்காலில் பாறை கிடையாது. தோண்டினால் மணல், அதற்கும் கீழே களிமண். இருக்கும் கற்களெல்லாம் கடல் அரிப்பைத் தடுக்க லாரியில் வந்து கொட்டியவை. ஸ்டெல்லா ஏறிப் பழகியது அவற்றில்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்கு அழைத்துப்போனாள். மீன் ஏலம் முடியும் நேரம். தலைக்கு மேல் இன்னொரு ஆள் உயரத்துக்குக் கருங்கற்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் பெயர், பக்கத்தில் பென்சிலால் எண். எப்படிக் கணித்தாய் என்று கேட்டேன். "மீன் கூடையோட ஏறிட்டா மூணு. கூடையக் கீழ வெச்சிட்டு ஏறுனா நாலு. போட்டுக்காரப் பசங்க மொத தடவையே ஏறுனா அஞ்சு. எனக்குப் பத்து நாள் ஆனா ஆறு." எந்த நாட்டு அளவுக்கும் குறையாத அளவு. இந்த நாற்பது கற்களுக்கு அது சரியாகவும் இருந்தது.

"நண்டுக் கல்லு ஏறுங்க மாமா. அஞ்சுதான். உங்களுக்குத் தூசி."

மூன்று முறை முயன்றேன். முதல் முறை கால் வழுக்கியது. இரண்டாம் முறை பிடி கிடைக்கவில்லை. மூன்றாம் முறை கல்லின் நடுவில் வயிற்றை ஒட்டி அப்படியே நின்றுவிட்டேன். வலையை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சிங்கப்பூர் ஏறுதுடா."

"எங்க ஏறுது? எறங்குதுடா."

"அண்ணே, சும்மா இருங்க. மாமாவுக்கு பஸ்ல தூக்கமில்ல" என்று அவள் கத்தினாள். எனக்கு முந்திய இரவு ஒன்பது மணி நேரத் தூக்கம்.

பிறகு கல்லின் மேல் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். நண்டுக் கல்லுக்கு எதிரே இருந்த ஐந்தை ரப்பரால் அழித்துவிட்டு ஏழு என்று எழுதினாள். "நீங்க ஆறு சி. உங்களுக்கே முடியலன்னா இது அதுக்கும் மேல. நான்தான் எல்லாத்துக்கும் கம்மியாப் போட்டு வெச்சிருக்கேன்." பக்கத்தைப் புரட்டி மற்ற கற்களையும் ஒவ்வொன்றாக உயர்த்திக்கொண்டே போனாள். அவள் முகத்தில் சந்தோஷம். "அப்ப வகுப்புல ஆறு ஏ எனக்கு ஒண்ணுமே இல்ல மாமா."

நான் கடலைப் பார்த்தேன். தொலைவில் ஐந்து படகுகள். எண்ணினேன்.

அன்று மாலை நான்கரைக்குக் கிளிஞ்சல்மேடு. அங்கே மூடிக்கிடக்கும் ஒரு பழைய ஐஸ் பேக்டரி இருக்கிறது. அதன் வடக்குச் சுவர் ஒன்பது மீட்டர் உயரம். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும். உரிமையாளரிடம் அனுமதி வாங்கி ஸ்டெல்லா ஏணி போட்டு அதில் உச்சிவரை மரக்கட்டைகளைத் திருகி வைத்திருந்தாள். ஆனால் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறியதில்லை. கயிற்றுக்காகக் காத்திருந்தாள்.

சாவி செல்வமணியிடம் இருந்தது. நாற்பது வயதுக்காரர், சொந்தமாக ஒரு பைபர் படகு, பேக்டரிக்குப் பக்கத்தில் வலைக் கொட்டகை. கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்பு உத்திரத்தில் கயிற்றை மாட்டித்தருவதாகச் சொல்லியிருந்தார். பையிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கடலைப் பார்த்தபடி இடது கைப்பிடிக்குள் விட்டு வலது கையால் இழுத்துக்கொண்டே இருந்தார். அறுபது மீட்டரும் அவர் கைக்குள் போய் வெளியே வந்தது. மூன்று இடத்தில் கை நின்றது. மூன்றாவது இடத்தில் மடக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க சார். மடிச்சா வளையணும். இது ஒடியுது. தோலு இருக்கு, உள்ள ஆள் இல்ல." மூக்கருகே கொண்டுபோனார். "பிளீச்சிங் வாசம் அடிக்குது. எத்தன வருசத்துக் கயிறு?"

"அஞ்சு வருஷம்" என்றேன்.

"அஞ்சா" என்றார். கேள்வியாக இல்லை. "எங்க போட்டுல கயிறு இப்புடி ஆனா அன்னைக்கே துண்டு போட்டுருவோம். முழுசா வெச்சிருந்தா அவசரத்துல எவனாவது எடுத்து நங்கூரத்துல கட்டிருவான். துண்டாக்கிட்டா ஆடு கட்டத்தான் ஆவும்."

ஸ்டெல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, அது மீன்புடிக் கயிறு. இது வேற. மாமா இருவது வருசமா ஏறுறாரு. அவருக்குத் தெரியாதா?"

"நான் என்ன சொல்லிட்டேன்? கீழ புடிக்கப்போறது சாரு. அவுங்ககிட்டயே கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. சொல்லவும் எளிது, நான்கைந்து சொற்கள்தான்.

"பரவாயில்ல, தாங்கும்" என்றேன்.

செல்வமணி பின்படி வழியாக மேலே போய்க் கயிற்றை உத்திரத்தில் போட்டுவிட்டு இறங்கினார். ஸ்டெல்லா ஒரு முனையை ஹார்னெஸில் முடிச்சிட்டாள்; மறுமுனையைச் சுவரடி இரும்பு வளையத்தில் மாட்டிய கருவிக்குள் விட்டு நான் பிடித்துக்கொண்டேன். என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினாள். நன்றாக ஏறினாள், புதுக் காலணியின் முனை கட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் ஏற ஏறத் தளர்ந்த கயிற்றை நான் கருவி வழியே இழுத்தேன். செல்வமணியின் கை நின்ற முதல் இடம் என் கைக்குள் வந்தது. பழுத்த வாழைப்பழம்போல் இருந்தது.

அவள் முதல் மாடி ஜன்னலைத் தாண்டியிருந்தாள். கீழிருந்து பார்க்க, ஹார்னெஸின் பின்பட்டையில் சீட்டு இருந்த இடத்தில் ஒரு துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நான் வெட்டியது. நேர்கோட்டில் வெட்டியிருந்தேன்.

"ஸ்டெல்லா, எறங்கும்மா."

"ஏன் மாமா? இன்னும் பாதி இருக்கே."

"கயித்துல பாரத்தப் போடாத. கையாலயே புடிச்சி எறங்கு. மெதுவா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரை ஒட்டி அசையாமல் நின்றாள். ஏறுவதைவிட இறங்குவது கடினம். காலை வைக்கும் கட்டை கண்ணுக்குத் தெரியாது. செல்வமணி கொட்டகைக்கு ஓடி வலைக்குவியலை இழுத்துவந்து சுவரடியில் போட்டார், திரும்ப ஓடி இன்னொன்றைக் கொண்டுவந்தார். "வலது காலு, இன்னுங் கொஞ்சம் கீழ. இன்னும். ஆங், அதான். அவசரமே இல்ல தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். அதனால் எந்தப் பயனும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும். ஒருமுறை அவள் இடது கால் நழுவி இரண்டு கைகளில் தொங்கினாள். பிறகு காலைக் கண்டுபிடித்தாள். வலையில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பதிமூணு வருஷம்" என்றேன். "கல்லு விழுந்த கயிறு. இதுல ஏறக் கூடாதுன்னு ரெண்டு வருஷம் முன்னாலயே எங்கிட்ட சொல்லிட்டாங்க. பட்டையும் அதே வயசு. சீட்டை நான்தான் வெட்டினேன்."

ஸ்டெல்லா முடிச்சை அவிழ்க்க முயன்றாள். இறுகியிருந்ததால் அவிழவில்லை. நான் கிட்டே போனேன். கையைத் தள்ளிவிட்டுத் தானே அவிழ்த்தாள்.

"வெட்டியிருந்ததப் பாத்தேன் மாமா" என்றாள். "வெலைச் சீட்டுன்னு நெனச்சேன். வெல தெரிஞ்சா நான் சங்கடப்படுவேன்னு வெட்டியிருக்கீங்கன்னு அம்மாகிட்டகூடச் சொன்னேன்."

செல்வமணி கயிற்றை உத்திரத்திலிருந்து இழுத்துத் தரையில் போட்டார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "நீங்களே வெட்டுங்க சார்."

மூன்று இடத்தில் தொடங்கினேன், அவர் கை நின்ற மூன்று இடத்தில். மூன்றாவதில் மேலுறைக்குள் இருந்த வெள்ளை இழைகளில் பாதி ஏற்கெனவே அறுந்து மஞ்சளாகியிருந்தன. அதன் பிறகு ஆடு கட்டும் நீளத்துக்கு வெட்டிக்கொண்டே போனேன். ஹார்னெஸையும் வெட்டினேன். யாரும் உதவவில்லை. செல்வமணி தேநீர் வாங்கிவந்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். பிறகு எனக்கும் ஒன்று தந்தார்.

திங்கட்கிழமை நான் வெளியே போகவில்லை. புதுக் கயிறு அனுப்புகிறேன் என்றேன். "வேணாம் மாமா. கயிறு இல்லாம வரலாமான்னு அவங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கேன்" என்றாள் ஸ்டெல்லா. குரலில் கோபம் இல்லை. விருந்தாளியிடம் பேசும் குரல். காலணி வாசல் ஜன்னலில் காய்ந்தது.

சாயங்காலம் என் கிரேடையும் சொன்னேன்: ஆறு ஏ, கூடத்துக்குள். அவள் தலையாட்டினாள். நோட்டை எடுத்துவந்து, என் எதிரிலேயே, நாற்பது கற்களின் எண்களையும் ஒவ்வொன்றாக அழித்துப் பழைய எண்ணை எழுதினாள். நண்டுக் கல் மறுபடி ஐந்து.

செவ்வாய்க்கிழமை காலை பேருந்து. பதினொரு கயிற்றுத் துண்டுகளில் ஒன்று செல்வமணியின் கொட்டகை வாசலில் ஆட்டுக் கழுத்தில் இருந்ததாக ஸ்கூட்டரில் போகும்போது ஸ்டெல்லா சொன்னாள். டிக்கியில் பையை வைத்துவிட்டு, நடத்துநரிடம், "அண்ணே, இது திருநள்ளாறுல எறங்காது" என்றாள். அவர் சிரித்தார்.

அக்காவுக்கு விஷயம் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முந்திய இரவே நெத்திலிக் கருவாட்டை முறத்தில் கொட்டி, உடைந்ததையும் தலை போனதையும் தங்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, முழுசானதை மட்டும் எனக்குப் பொட்டலம் கட்டியிருந்தார். "அங்க நல்லது கெடைக்காது தம்பி" என்றார்.

சிங்கப்பூரில் நான் ஏறும் கயிறு, இந்தப் பயணத்துக்கு முந்தைய மார்ச் மாதம் புதிதாக வாங்கியது.